நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் சோதனை

கோப்பி ஓ கோசோங் என்றுதான் கேட்டேன். இதில் சீனி இருக்கிறது. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். இதற்காகக் கோப்பி கொண்டுவந்த அந்த அம்மாவை மறுபடியும் மாடியிறங்கச் சொல்ல வேண்டாம்.

என் பெயர் சுகுமாரன், வயது நாற்பத்து மூன்று என்று வாக்குமூலத்தில் எழுதிவிட்டீர்கள். முகவரியும் சரிதான். லகாட் பக்கம் என் அப்பா ரப்பர் மரம் சீவிய தோட்டம் இப்போது வீடுகள் கட்டிய தாமானாகிவிட்டது, அதில்தான் என் வீடு. பன்னிரண்டு வருடமாக ஈப்போவில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறேன். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி செய்வது ஒரே ஒரு பொருள். டீபக்கர் என்பார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கான கருவி. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய வரியில் பிடித்து நிறுத்தும். நிறுத்திய பிறகு, இந்த இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி காட்டும். தப்பு எங்கே நடக்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ஆகவே அது பொய் சொல்லக் கூடாது. பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒன்பதாயிரத்துச் சொச்சம் சோதனைகள் வைத்திருந்தோம். டீபக்கரில் யார் ஒரு வரியை மாற்றினாலும் அத்தனையும் தானாக ஓட வேண்டும். அதற்கென்று ஒரு குளிர் அறையில் இருபத்திரண்டு கணினிகள். அந்த ஏற்பாட்டைப் பராமரிப்பதும் சீர்படுத்துவதும் என் பொறுப்பு.

நான் பொறுப்பேற்றபோது அது சீரழிந்து கிடந்தது. சுவரில் ஒரு திரை இருக்கும். எல்லாச் சோதனையும் தேறினால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. முதல் ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அதைப் பச்சையாகப் பார்க்கவில்லை. ஒரு நேரம் தேறி ஒரு நேரம் தவறும் சோதனைகள்தான் காரணம். டீபக்கரில் குறை இருக்காது. கணினி அன்றைக்கு மெதுவாக ஓடியிருக்கும், அல்லது சோதனையே அவசரமாக எழுதப்பட்டிருக்கும். அந்த மாதிரிச் சோதனைகளுக்கு ‘ஆங்கின்’ என்று பெயர் வைத்திருந்தோம். மலாயில் காற்று. எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. எந்நேரமும் சிவப்பாக இருக்கும் திரையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நிஜமான பிழை வந்தாலும் கவனிக்காமல் போய்விடும். அதனால் திரை பச்சையாக வேண்டும் என்று நான் நினைத்தது தப்பான நினைப்பு இல்லை.

உழைத்தேன். அதை யாரும் மறுக்க முடியாது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆங்கின்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தேன். மிஞ்சியவற்றுக்கு ஒரு விதி எழுதினேன். ஒரு சோதனை தவறினால் இன்னும் இரண்டு தடவை ஓடட்டும், அதில் ஒரு தடவை தேறினாலும் தேறியதாகவே கணக்கு. அதற்கும் மசியாதவற்றை ஒரு விலக்குப் பட்டியலில் போட்டேன். அந்தப் பட்டியலில் ஏறிய சோதனை ஓடவே ஓடாது. திரை பச்சையானது. எங்கள் மேலாளர் ஷாஃபி அன்றைக்கு மாடியில் இருந்த எல்லோருக்கும் நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

தினேஸ்வரி அதற்கு அடுத்த வருடம் வேலைக்கு வந்தாள். பாரிட் புந்தார்ப் பெண். அப்பா கிடையாது, அம்மா சரளா பள்ளிக்கூடக் கேண்டினில் சமைக்கிறவர். என்னை முதல் நாளே அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. திரை பச்சையாக இருந்தாலும் அவளுக்குப் போதாது. முதல் தடவை தவறி இரண்டாம் தடவை தேறிய சோதனைகளின் பதிவுகளைத் தனியாக எடுத்து உட்கார்ந்து படிப்பாள். என் விதி எதையெல்லாம் மூடியதோ அதையெல்லாம் அவள் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மார்ச் மாதம். புதிய பதிப்பு வெளியாக இரண்டு வாரம் இருந்தது. ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தாள். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் சோதனை. ஒரே நிரலுக்குள் இரண்டு வேலைகள் சேர்ந்தாற்போல ஓடும்போது, ஒன்றை நிறுத்தி அதன் எண்ணைக் கேட்டால், டீபக்கர் அதன் எண்ணைத்தான் காட்ட வேண்டும். பக்கத்து வேலையின் எண்ணைக் காட்டிவிடக் கூடாது. அவ்வளவுதான் அந்தச் சோதனை.

“ஆயிரம் தடவ ஓட்டிப் பாத்தேண்ணே. இருபத்தேழு தடவ தப்பா காட்டுது. இது ஆங்கின் இல்ல லா. நம்ம டீபக்கர்லதான் கோளாறு.”

“ரிலீஸ் முடியட்டும்மா. அப்புறம் பாப்போம்.”

“இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்ல?”

“ரெண்டு வாரந்தாம்மா இருக்கு.”

தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நாலு நாள் கழித்து மறுபடியும் வந்து கேட்டாள். சரி பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. “தேங்க்ஸ்ண்ணே” என்றாள்.

சரி பண்ணவில்லை. சோதனையை விலக்குப் பட்டியலில் போட்டிருந்தேன். மூன்று தடவை விதியிலேயே அது மறைந்துகொண்டுதான் இருந்தது, பட்டியலுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. ஓடினால் தவறும், தவறினால் அவள் கண்ணில் படும். அவள் கண்ணில் படக் கூடாது என்பதற்காகப் போட்டேன். பதிப்பு குறித்த நாளில் வெளியானது.

நவம்பரில் அந்த விபத்து நடந்தது. பாகான் செராயைத் தாண்டி ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. பழக்குலைகளை நீராவியில் வேக வைக்கும் பெரிய இரும்பு உருளை ஒன்று அங்கே உண்டு. உள்ளே அழுத்தம் இறங்கிய பிறகுதான் அதன் கதவுப் பூட்டு விடுபட வேண்டும். பூட்டை ஆட்டிவைக்கும் நிரலை எழுதியவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். பூட்டு சில சமயம் முந்திக்கொண்டு விடுபடுகிறதோ என்று அவர்களுடைய பொறியாளருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. பொறுப்பான மனிதர். எங்கள் டீபக்கரை வைத்து நிரலை அந்த வரியிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். பார்த்த தடவையெல்லாம் அழுத்தம் பூச்சியம் என்று எங்கள் டீபக்கர் காட்டியிருக்கிறது. அது பக்கத்து வேலையின் எண். எங்கள் சோதனையில் எப்போதாவது வந்த பிழை அவர்கள் நிரலில் ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது. சந்தேகம் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அழுத்தம் இறங்கும் முன்பே கதவு திறந்துகொண்டபோது அதற்கு முன்னால் நின்றவர் பெயர் பத்துமலை. வயது ஐம்பத்தொன்று. அங்கே பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். அன்றைக்கே இறக்கவில்லை. ஆறு நாள் இருந்தார்.

உங்கள் டீபக்கர் தப்பான எண்ணைக் காட்டியது என்று வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. ஷாஃபி அதை என் மேசையில் வைத்து, இந்த இடத்துக்கு நம்மிடம் சோதனை இருந்ததா, இருந்தால் ஏன் பிடிக்கவில்லை, பழைய பதிவை எடுத்து வை என்றார். காலை பதினொரு மணி இருக்கும். பதிவைத் திறந்தேன். சோதனையை விலக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

எங்கள் வேலையில் யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவை மாற்ற யாருக்கும் அனுமதி கிடையாது. பராமரிக்கிறவன் என்பதால் எனக்கு இருந்தது. என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டேன். ஆறு நிமிடம் பிடித்தது. பழைய பதிவின் பிரதி எல்லோர் கணினியிலும் இருக்கும். அது போக வேண்டும் என்பதற்காக, சர்வரை மாற்றுகிறோம், எல்லோரும் புதிய பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அறிவிப்பும் அனுப்பினேன்.

ஏன் அவள் என்று கேட்பீர்கள். மற்றவர்கள் எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அவளுக்கு இருபத்தாறு வயதுதான், கெட்டிக்காரி, வேறு வேலை உடனே கிடைத்துவிடும். ஒருவர்தான் போக வேண்டும் என்றால் குறைவாக அடிபடுகிறவர் போகட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பெயர் மட்டும் போதவில்லை. அவள் கணினியில் எழுதிய அறிக்கை இருந்ததே, இருபத்தேழு தடவை தவறியது என்று. அதையும் மாற்றி எழுதினேன். ஆயிரம் தடவை ஓட்டினேன், எல்லாம் தேறின, இது ஆங்கின்தான், விலக்கிவிடலாம் என்று. அவள் எழுதுவதுபோலவே எழுதினேன். முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடம் விடுவது அவள் வழக்கம். அதையும் விட்டேன்.

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். ஷாஃபி கூட்ட அறையில் முன்னால் வைத்த அந்த அறிக்கையை அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் உங்ககிட்ட சொன்னேனேண்ணே. நீங்க சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே.”

“அது வேற சோதனைம்மா. நாலாயிரத்து நானூத்தி எழுபத்தொண்ணு.”

“எழுபத்தொண்ணா?”

“அந்த வாரம் ஒனக்குக் காய்ச்சல் லா. லீவு போடுன்னு சொன்னேன், நீ கேக்கல.”

காய்ச்சல் இருந்தது உண்மைதான். எங்கள் தொழிலில் ஞாபகத்துக்கு மதிப்பு இல்லை, பதிவுக்குத்தான் மதிப்பு. அவள் நல்ல தொழில்காரி.

“அப்ப நாந்தான்,” என்றாள்.

அன்றே வேலையை விட்டாள். நீங்கள் கொண்டுவந்த விசாரணைத் தாளிலும், நான்தான் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டாள். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன் அல்லவா, அவள் தேடவே இல்லை. பாரிட் புந்தாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். எடுத்த பிரதியை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் கொடுக்க மாட்டாளாம். கடையில் கூட்டம் நின்றுவிடும் என்று முதலாளி சலித்துக்கொள்கிறார். கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்தார்கள், அதையும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு நாலைந்து தடவை திரும்பி வந்து பார்க்கிறாள் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லி அழுதார்.

பத்துமலையின் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். தனியாகப் போக விடக் கூடாது என்று நான் வண்டி எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா பெயர் காளியம்மா. ஆலைக் குடியிருப்பில் கடைசி வீடு. முதல் தடவை கேட்டைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் திறக்கவில்லை, வெயிலில் நின்றுவிட்டு வந்தோம். மூன்றாம் மாதம் திறந்தார். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போகிறோம். தினேஸ்வரி அங்கே பாத்திரம் கழுவுவாள், வெங்காயம் உரிப்பாள், அந்த அம்மாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். அதிகம் பேச மாட்டாள்.

ஒரு நாள் காளியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். “வேணும்னா செஞ்ச? இல்லல்ல. போதும் புள்ள, எந்திரிச்சு சாப்பிடு” என்றார். தினேஸ்வரி அழுத அழுகையை என்னால் சொல்ல முடியாது. நானும் கலங்கிவிட்டேன். புறப்படும்போது காளியம்மா மரவள்ளிக் கிழங்கை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார். “நீங்க மட்டும் இல்லன்னா இந்தப் புள்ள இந்நேரம் செத்துருக்கும் தம்பி” என்றார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் அவித்துச் சாப்பிட்டோம்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் இரண்டு தாள்களில் இடதுபக்கம் இருப்பதுதான் உண்மையான பதிவு. பழுதென்று ஒதுக்கி வைத்த ஒரு கணினி, என் அறிவிப்புக்குப் பிறகு புதிய பிரதி எடுக்காமலே கிடந்திருக்கிறது. நான்தான் ஒதுக்கி வைத்தேன், மறந்துபோனேன். வலதுபக்கத் தாளை எழுதியதும் நான்தான்.

இன்னொன்றும் கேட்டீர்கள், அது உண்மையான பிழை என்று அப்போதே எனக்குத் தெரியுமா என்று. தெரியும். அவள் தாளைக் கொடுத்த வாரம், சனிக்கிழமை பகல் முழுக்க நான் தனியாக உட்கார்ந்து அந்தச் சோதனையை ஓட்டினேன். பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தேன். இரண்டே வரி. ஆனால் அந்த இடத்தைத் தொட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். திரை ஒரு மாதம் சிவப்பாக இருக்கும். மூடி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை அவளிடம் சரி பண்ணிவிட்டேன் என்றேன். பத்துமலையை அடக்கம் செய்த மறுநாள் அந்த இரண்டு வரியையும் திருத்தினேன். இப்போது அந்தச் சோதனை ஒரு தடவைகூடத் தவறுவதில்லை.

இதில் நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். தினேஸ்வரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. உட்கார வைத்து மெதுவாகச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு இந்த மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. பாகான் செராயிலிருந்து ஆலைக்கு பஸ் கிடையாது, தனியாகப் போனால் சிரமப்படுவாள். எப்போதும்போல எட்டு மணிக்கு நான் வண்டியோடு வந்து நிற்கட்டுமா என்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.