மாஸ்டர் மீண்ட நாளும் கோப்பில் கிடந்த தாளும்

இம்மருத்துவமனையின் கணினிப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் முனைந்துழைத்து, முதுநிலைக் கணினி அலுவலராக இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அக்கா அவர்களுக்குப் பிரிவுப் பணியாளர்கள் பேரன்போடு படைக்கும் மடல்.

அறிவில் ஆழமும் அன்பில் அகலமும் கொண்ட அக்காவே!

சண்டித்தனம் செய்யும் சர்வரையும் சத்தமின்றிச் சரிக்கட்டும் சாமர்த்தியசாலியே!

கருவிகள் கைவிட்ட வேளையிலும் கலங்காத நெஞ்சினரே!

இதற்கு மேல் அடுக்கினால், "போதும், விஷயத்துக்கு வாங்க" என்பீர்கள். வந்துவிட்டோம்.

நீங்கள் இங்கு வந்த நாளில் கணினிப் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. அறையில் ஒரு கணினி. அதன்மேல் தூசி படாமல் ஒரு துணி உறை. இன்றோ சலவைக்கூடத்தின் பின்னே, குளிரில் பல் கிட்டும் அறையில், நோயாளிகளின் இரத்த வகை முதல் எக்ஸ்ரே படம் வரை எல்லாவற்றையும் சுமந்தபடி சர்வர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எந்த வார்டிலிருந்து எவர் அழைத்து எதுவுமே ஓடவில்லை என்று பதறினாலும் உங்கள் முதல் கேள்வி, "கடைசியா என்ன பண்ணீங்க?" என்பதுதான். ஒன்றுமே பண்ணவில்லை என்பார் மறுமுனையில் இருப்பவர். அந்த ஒன்றுமே என்னவென்று நீங்கள் கண்டுபிடித்து முடிப்பதற்குள் மேசைமேல் தேநீர் ஆறிப்போகும். ஆறிய தேநீரையே முப்பத்தோராண்டுகள் குடித்தவர் நீங்கள்.

கோபமே வராத குணவதி என்று சபையில் பொய் சொல்ல மாட்டோம். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டி வைத்தவர்கள் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மூன்று மாடிக்கும் தெரியும். அவர்களில் நால்வர் இப்போது முன்வரிசையில் அமர்ந்து மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பண்புகளை வரிசையாய்ப் பட்டியலிட்டு வாழ்த்தி முடிப்பதே இத்தகைய மடலின் வழக்கம். ஆனால் எங்களில் ஒருவர், நான்காண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளை ஒளிவுமறைவின்றி இதில் எழுத வேண்டும், எல்லோர் முன்னும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் சர்வரில் உள்ளவற்றுக்கு மாற்று நகல் எடுத்து வைக்கும் எங்கள் பேக்கப்காரர், உங்கள் எதிர்மேசைக்காரர். உங்களைவிட ஆறு வயது இளையவர், தலை மட்டும் உங்களுக்கு முன்பே நரைத்தவர். அந்தக் கதையில் குற்றவாளி அவர்தான். அதனால் இனிச் சற்று நேரம் கதை அவர் பக்கமிருந்து போகும், பொறுத்தருள்க.

அன்று காலை எட்டரை மணிக்குச் சர்வரின் வட்டுகளில் ஒன்று பழுதாகி நின்றது. நோயாளிகளின் விவரங்கள் இருந்த வட்டு நல்லபடியாக இருந்தது, போனது மாஸ்டர். கணினி அறியாத அன்பர்களுக்காகச் சொல்கிறோம்: தன்னிடம் எந்தெந்தத் தரவுத்தளங்கள் இருக்கின்றன, அவற்றைத் திறக்க யார் யாருக்கு அனுமதி உண்டு என்று சர்வர் குறித்து வைத்திருப்பதுதான் மாஸ்டர். அது இல்லையென்றால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் சர்வருக்கு எதுவும் தெரியாது. அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களின் இரத்த வகை அறிக்கையைத் திறக்க முடியாமல், ஆய்வுக்கூடத்தார் மறுபடி ஊசியும் குழாயுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நோயாளிகளின் தரவுத்தளங்களைப் பேக்கப்காரர் ஒருநாள் தவறாமல் பேக்கப் எடுத்து வந்தார். மாஸ்டரை மட்டும் சர்வர் நிறுவிய அன்று ஒருமுறை எடுத்ததோடு சரி. அது சர்வரின் சொந்த விஷயம், அதில் என்ன மாறிவிடப் போகிறது என்று மூன்றாண்டுகள் நிம்மதியாக இருந்துவிட்டார். மாறியிருந்தது. ஏழு தரவுத்தளங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன, நாற்பதுக்கும் மேற்பட்டோர் புதிதாக அனுமதி பெற்றிருந்தார்கள். அதை உங்களிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

மாஸ்டரை மீட்க வேண்டுமானால், புது வட்டில் வெற்று மாஸ்டர் ஒன்றை அமைத்து, சர்வரை ஒற்றை ஆள் மட்டும் நுழையும்படி எழுப்ப வேண்டும். எழுப்பினார். நுழையப் போனால், ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருப்பதாகச் சொல்லிக் கதவடைத்தது. எவரோ திரையை மூடாமல் இருக்கிறார் என்று எண்ணி, மூன்று மாடியும் ஏறி இறங்கி, செவிலியர் முதல் மருந்தகத்தார் வரை எல்லோரையும் கும்பிடாத குறையாகக் கேட்டு வெளியேற்றினார். மூச்சிரைக்க வந்து பார்த்தால் மறுபடியும் அதே பதில். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். உள்ளே புகுந்திருந்தது மனிதர் எவருமில்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை ஒன்று, அதே சர்வரில் இருந்துகொண்டு, கதவு திறந்ததும் முந்திக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினீர்கள். வழி கிடைத்தது.

அடுத்த முட்டுக்கட்டையில்தான் அவர் குட்டு வெளிப்பட்டது. மென்பொருளின் வேறு பதிப்பில் எடுத்த பேக்கப், ஏற்க முடியாது என்றது திரை. இடையில் சர்வரை இருமுறை மேம்படுத்தியிருந்தோம் அல்லவா! நீங்கள் பேக்கப்பின் தேதியைப் பார்த்தீர்கள். பிறகு அவரைப் பார்த்தீர்கள். திட்டிவிட்டால் தேவலை என்று அவர் தலைகுனிந்து நின்றார். பழைய பதிப்பின் குறுந்தட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டீர்கள். அவர் விழிப்பதைக் கண்டு, உங்கள் அலமாரியிலிருந்து நீங்களே எடுத்து வந்தீர்கள். சர்வரைப் பழைய பதிப்புக்கு இறக்கி, மாஸ்டரை மீட்கும் கட்டளையை அவர் கையாலேயே கொடுக்கச் சொன்னீர்கள். கொடுத்தார். ஓடியது. ஓடி முடிந்த மறுநொடி சர்வர் படுத்துவிட்டது.

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "அக்கா, கொன்னுட்டேன். இருந்ததும் போச்சு" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். அந்தக் காலையில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. "ஒண்ணும் போகல தம்பி. மாஸ்டரை மீட்டு முடிச்சா அது தானாவே நின்னுடும். அதோட வழக்கமே அதுதான். எழுப்புங்க."

எழுப்பினார். எழுந்தது. பிறகு சர்வரைப் புதுப்பதிப்புக்கு ஏற்றி, அது மறந்துபோன ஏழு தரவுத்தளங்களையும் ஒவ்வொன்றாக இணைத்து, விடுபட்டவர்களின் அனுமதியை மறுபடி எழுதி முடித்தபோது மணி ஒன்றரை. அதற்குள் ஆய்வுக்கூடத்தார் கையாலேயே சோதித்துக் கொடுத்திருந்ததால் ஐவருக்கும் சிகிச்சை நல்லபடி நடந்தது. பேக்கப்காரர் மட்டும் சாப்பிடவே இல்லை.

விசாரணை வந்தது. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. உங்கள் பணிக்கோப்பில் ஒரு கண்டனத் தாள் சேர்ந்தது மட்டும் தெரியும். இரண்டு மாதத்தில் உங்களுக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. பேக்கப்காரர்மேல் ஒரு துரும்பும் படவில்லை. அவர் வாய் திறக்கவுமில்லை. "அக்கா, அன்னைக்கு..." என்று எத்தனையோ முறை தொடங்கினார், அந்த மாதத்து ஒத்திகை முடிந்ததா என்று நீங்கள் குறுக்கே கேட்பீர்கள். ஒத்திகை என்றால் மாதந்தோறும் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாப் பேக்கப்பையும் ஓர் ஓரத்துக் கணினியில் உண்மையாகவே மீட்டுப் பார்ப்பது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நீங்கள் ஏற்படுத்திய வழக்கம்; அதை அவரிடமே ஒப்படைத்திருந்தீர்கள். பரிதாபப்பட்டுத் தம் பழியைச் சுமக்கிறீர்கள் என்ற எண்ணம் அவரை அரித்தது. உங்கள் எதிரில் உட்கார்ந்து நான்காண்டுகள் கூசிக்கொண்டே வேலை செய்தார்.

நீங்கள் அந்தக் கறையோடு விடைபெறக் கூடாது என்று, சென்ற வாரம் அவர் நிர்வாகியின் அறைக்குப் போனார். தவறு தம்முடையது என்றார். நான்காண்டு கழித்து இப்போது எதற்கு என்று கேட்டார் நிர்வாகி.

"அவங்க போறதுக்குள்ள அந்தத் தாள் போகணும் சார். என்மேல என்ன நடவடிக்கை வேணா எடுங்க."

நிர்வாகி கோப்பை வரவழைத்துப் புரட்டினார். கண்டனத் தாளுக்கு அடியில் உங்கள் விளக்கம் இருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் பக்கம் திருப்பி வைத்தார். உங்கள் உருண்டைக் கையெழுத்தில் நான்கே வரிகள்:

"மாஸ்டரின் பேக்கப்பை மூன்றாண்டுகள் எவரும் சரிபார்க்கவில்லை. சரிபார்த்திருக்க வேண்டியவள் நான். பேக்கப் எடுப்பவரை அந்தப் பொறுப்பிலிருந்து மாற்ற வேண்டாம். இனி அதை ஒருநாளும் மறக்க முடியாதவர் இங்கே அவர் ஒருவர்தான்."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நிர்வாகி தண்ணீர் கொடுத்தார். நீங்கள் பரிதாபப்படவில்லை, நம்பினீர்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அதை எங்களிடம் சொல்லும்போது அழுதார். கேட்ட நாங்களும் அழுதோம்.

இதைச் சபையில் படித்ததற்காக உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்; நாளை முதல் நீங்கள் எங்களுக்கு அதிகாரி இல்லை.

அன்பின் அரவணைப்பே! அயராத உழைப்பே! நோயின்றி நூறாண்டு நிறைவாக வாழ்வீராக! அழைப்புமணி துரத்தாத காலைகளும் சூடு குறையாத தேநீரும் நாள்தோறும் உங்களுக்கு வாய்ப்பதாக!

கண்டனத்தை ரத்துசெய்த ஆணையை இம்மடலோடு இணைத்துள்ளோம். அந்தத் தாள் இப்போது உங்கள் கோப்பில் இல்லை. நீங்கள் எழுதிய நான்கு வரிகள் மட்டும் இருக்கின்றன. அவற்றை எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கேட்டுக்கொண்டவர் எங்கள் பேக்கப்காரர்.

நன்றி மறவா நெஞ்சோடு,
கணினிப் பிரிவுப் பணியாளர்கள்