இன்னும் ஒரு சுத்து

...ரோடா சார் இது? டெட்ராய்ட்ல இத்தனை கார் செய்றானுங்க, அது ஓடுறதுக்கு ஒரு ரோடு போடத் தெரியல! டிராமே இந்தக் குதி குதிக்குது, கார் என்ன ஆகும்? அதுக்குள்ள இருக்குற பேட்டரி என்ன ஆகும்?... ஐயோ, அந்தப் பெட்டியை நகத்தாதீங்க. நம்ம நடுவுல அப்படியே இருக்கட்டும். அதான் பேட்டரி.

நான் ஆல்வின் குரோட். ஹேவர்கேம்ப் மோட்டார் கம்பெனியில பேட்டரி ஆடாம புடிச்சிருக்குற இரும்புச் சட்டம் செய்றவன். சிரிக்காதீங்க! இனிமே யாரு கார் முன்னாடி நின்னு கம்பியைச் சுத்திக் கையை ஒடிச்சுக்குவா? பொத்தானை மிதிச்சா இஞ்சின் கெளம்பணும். அதுக்குப் பேட்டரி, பேட்டரிக்கு நான். எம் பொண்டாட்டி பெர்த்தா மட்டும், "இவரு கார்ல பெட்டி கட்டுறவரு"ன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றா.

அதையாவது ஒழுங்கா கட்டுனேனா? பேட்டரி உள்ள ஆசிட் இருக்குற கெட்டி ரப்பர் ஜாடி ஒவ்வொரு தடவையும் கீறல் விட்டுருது. சோதிச்சுப் பாக்க ரயில் கட்டையை வரிசையா போட்டு காரை மேல ஏத்தி எறக்குவோம். முடிச்சுத் தொறந்தா ஆசிட் ஒழுகும். எம் பேண்ட்டைப் பாருங்க... வேணாம், பாக்காதீங்க. அதுக்குத்தான் பேப்பரை விரிச்சு வெச்சிருக்கேன்.

மொதல்ல கார் ஸ்பிரிங் செஞ்சவனைத் திட்டினேன். அப்புறம் ஜாடி செஞ்சவனை. அப்புறம் காரை ஓட்டுற கிளெம்மை. "சவப்பெட்டி வண்டி மாதிரி மெதுவா ஓட்டுடா"ன்னேன், ஓட்டினான். அப்பவும் ஒடைஞ்சுது! ஆடுறதாலதான் ஒடையுதுன்னு நான் சட்டத்தோட போல்ட்டை இன்னும் ஒரு சுத்து முடுக்குவேன். நாலு போல்ட்டு எட்டாச்சு. அவ்வளவு மூளை சார் எனக்கு!

ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ஒடையல. அன்னிக்கு ஸ்பேனர் தேடப் போனவன் ஆப்பிள் கேக்கைப் பாத்ததும் திங்க ஒக்காந்துட்டேன். போல்ட்டு முடுக்கவே இல்ல. இதோ, பெர்த்தா பின்னின இந்த மஃப்ளர் வேற சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல விழுந்து சிக்கிக்கிச்சு. கிளெம் அப்படியே ஓட்டிட்டுப் போயிட்டான். திரும்பி வந்தா ஒரு சொட்டு ஒழுகல! எனக்குத் தலைகால் புரியல. ஜெயிச்சாச்சுன்னு மஃப்ளரை உருவிக் கழுத்துல போட்டுக்கிட்டு, எட்டு போல்ட்டையும் மறுபடி...

நாளைக்கு ஓனர் ஹேவர்கேம்ப்பே ஓட்டிப் பாக்கப்போறாரு. "ஒரு சொட்டு ஒழுகினாலும் உன் பெட்டியைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடு"ன்னுட்டாரு. அதான் யாரும் கை வெச்சிரக் கூடாதுன்னு சட்டத்தோட கூடவே தூக்கிட்டு வர்றேன். கெளம்புறப்பக்கூட, டிராம்ல ஆடுமேன்னு எல்லாத்துக்கும் இன்னும் ஒரு சுத்து. பாருங்க, அசையுதா?

என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? உங்க ஸ்டாப் இன்னும்... ஐயய்யோ, உங்க கோட்டுல ஆசிட்! தொடாதீங்க, கை எரியும்! வீட்டுக்குப் போனதும் சோடா உப்பைக் கரைச்சு ஊத்துங்க... சார்! ஓடுற டிராம்லேர்ந்து குதிக்காதீங்க சார்!

...போயிட்டாரு.

ரயில் கட்டை இல்ல. ஸ்பிரிங் இல்ல. கிளெம் இல்ல. சீட்டுல சும்மா ஒக்காந்திருந்த பெட்டி... அட மடப்பயலே ஆல்வின், ஜாடியை ஒடைக்கிறது ரோடு இல்லடா, உன் ஸ்பேனரு!

சரி. ஜாடியை மாத்தணும். போல்ட்டைத் தளத்தணும். இந்த மஃப்ளரை நாலா வெட்டிச் சுத்தியும் செருகிட்டா ஹேவர்கேம்ப்பைச் சமாளிச்சிரலாம், வேலையும் தப்பிச்சிரும்.

பெர்த்தா மஃப்ளர் எங்கேன்னு கேப்பாளே... அதுக்குத்தான் இன்னும் வழி தெரியல.