நல்ல தண்ணீரில் கழுவிய கார்

உங்கள் ஜீப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஐயா. உள்ளே வரும்போது பார்த்தேன், இடது பக்கக் கதவின் அடியில் பெயின்ட் பொக்களித்திருக்கிறது. விரலால் அமர்த்தினால் உள்ளே போகும். தீவுப் பகுதியில் வாகனம் வைத்திருப்பவன் மேலே மினுக்குவதை விட்டுவிட்டு முதலில் குனிந்து பார்க்கப் பழக வேண்டும். உப்பு எப்போதும் அடியிலிருந்துதான் தின்னும்.

வாக்குமூலத்தைத் தமிழில் சொல்ல விட்டதற்கு நன்றி. ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. பைத்தியக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செய்த எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. கேட்டால் நீங்களும் ஓம் என்றுதான் சொல்வீர்கள்.

என் பெயர் சதீசன். புங்குடுதீவு மடத்துவெளியில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள், மூன்று பேர் கனடாவில். போக விருப்பமில்லாமல் நான் நிற்கவில்லை. என் முறை வந்தபோது அப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். பெரியண்ணை போனில் சொன்னார்: "ஆரும் ஒருத்தர் நிக்கத்தானே வேணும் தம்பி. அப்பாவின்ர காலம் முடியட்டும், உன்னைக் கூப்பிடுறன்." அப்பாவின் காலம் முடிந்தது. பிறகு அம்மாவின் காலமும் முடிந்தது. அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது அண்ணை வீடு, அக்கா வீடு, சித்தப்பா வீடு எல்லாவற்றின் திறப்பும் என்னிடம் இருக்கிறது. காலையில் யன்னல்களைத் திறந்து காற்று விடுவேன், பொழுதுபட முன் பூட்டுவேன். ஆளில்லாத வீடுகளுக்கு நான் காவல்.

அந்த மனக்குறைக்கோ என்னவோ, பெரியண்ணை ஒரு திருவிழாவுக்கு வந்து நின்றபோது இந்தக் காரை வாங்கித் தந்துவிட்டுப் போனார். சுபாரு இம்ப்ரெசா, நீல நிறம், டர்போ எஞ்சின். ஜப்பானில் ஓடி, கொழும்பில் ஒருவர் கை மாறி வந்தது. பக்கத்து வீட்டுப் பாலசிங்கத்தார் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்த ரோட்டிலை இதை எங்கை காணும் ஓடப் போறீர்?" என்று கேட்டார். ஊரே சிரித்தது.

எங்கே ஓடினேன் என்று சொல்கிறேன். எங்களுக்கும் வேலணைக்கும் நடுவில் கடலைப் பிரித்துப் போட்ட பாதை உங்களுக்குத் தெரியும். மத்தியான வெயிலில் அதில் ஒரு குருவியும் இராது. அங்கே மூன்றாம் கியரில் மிதித்தால் டர்போ பிடிக்கும்போது கதிரை முதுகைத் தள்ளும். இரண்டு பக்கமும் கடல் பின்னால் போகும். அந்தக் கொஞ்ச நேரம் நான் தீவை விட்டுப் போய்க்கொண்டிருப்பேன், ஐயா. பிறகு வேலணை வந்துவிடும். காரைத் திருப்பிக்கொண்டு வருவேன், யன்னல்கள் பூட்ட வேண்டுமே.

ஆறு வருடம் அந்தக் காருக்கு நான் செய்யாத வேலை இல்லை. பெரிய டர்போ போட்டேன். அகலமான புகைக்குழாய் போட்டேன். காரின் உடம்பை நிலத்தோடு பதித்தேன். பந்தயக் காரில் இருப்பது போல ஆளை அணைத்துப் பிடிக்கும் கதிரையும், இரண்டு தோளுக்கும் மேலால் வரும் பெல்ற்றும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். கண்ணாடிகளுக்குத் தடித்த, நிறமில்லாத தாள் ஒட்டினேன். கல்லால் எறிந்தாலும் சிதறாது.

கழுவுவதுதான் பெரிய வேலை. எங்கள் கிணறுகள் உவர். உவரில் காரைக் கழுவுவதும் கடலில் விடுவதும் ஒன்று. நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும், குடிக்கவும் சமைக்கவும். பாதையைக் கடந்து வந்த நாளெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் காரின் அடியைக் கழுவுவேன். என் மனைவி கோசலா ஒருநாள் குசினி வாசலில் நின்று, "எனக்கும் ஒரு வாளி விடுங்கோ, உலை வைக்க" என்றாள். விட்டேன். நான் ஒன்றும் கொடுமைக்காரன் அல்ல.

களவுக்குப் பயந்துதான் அந்தப் பூட்டைச் செய்தேன். அதை விளக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். கையடக்கமான ஒரு றிமோட். அதன் ஒரு பொத்தானை அமர்த்தினால் எஞ்சின் நின்றுவிடும், நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கைபிடிகளையும் வேலை செய்யாதபடி மாற்றியிருந்தேன். கள்ளன் ஏறினால் நான் வந்து திறக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். மற்றப் பொத்தான் திறக்க.

செய்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா. கோசலாவை ஏறி இருக்கச் சொல்லிவிட்டு அமர்த்தினேன். அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து போன் வந்தது. வேப்பமரத்தடியில் நின்று கதைத்தேன். அக்காவின் வீட்டுக் கூரையைப் பற்றிய கதை, கொஞ்சம் நீண்டுவிட்டது. கோசலா தட்டிக்கொண்டிருந்தாள். கதைத்து முடித்துவிட்டு வந்து திறந்தேன். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, முகம் வீங்கியிருந்தது.

"நான் தட்டினது உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்றாள்.

"கேட்டது. கண்ணாடி நல்லாத் தாங்குது," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

போன வருடம் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்தார்கள். பெரியண்ணை அந்தக் கிழமையே போன் எடுத்தார். "புதுக் கார் வரத் தொடங்கினால் உந்தக் காரை ஆரும் ஏறெடுத்தும் பாக்கமாட்டாங்கள். இப்பவே குடுத்துப்போடு. சும்மா நிக்கிற சாமான்தானே." கார் அவருடைய பெயரில் இருந்தது. சும்மா நிற்கிற சாமான் என்று அவர் சொன்னது காரை மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் போல வேறு எந்த நாளும் வந்ததில்லை. இருந்தும் ஓம் என்றுதான் சொன்னேன். அவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

வாங்கியவன் சுலக்சன், நாரந்தனைப் பெடியன். அரச உத்தியோகம், கல்யாணமாகிக் கொஞ்சக் காலம். தங்கமான பிள்ளை. காரை முதலில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் தீபம் காட்டினார். சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். சுலக்சன் நசித்துக்கொண்டு போனான். பிறகு இறங்கி வந்து என் காலைத் தொட்டான். திறப்புகளை அவன் கையில் வைத்தேன். றிமோட்டைக் கொடுக்கவில்லை. அவன் கேட்கவுமில்லை. அப்படி ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது.

அதை வைத்து ஏதும் செய்கிற எண்ணம் அன்று எனக்கு இருக்கவில்லை. ஆனால் இரண்டாம் கிழமை வேலணைச் சந்தியில் காரைக் கண்டேன். கடைக்கு முன்னால் நின்றது. குனிந்து பார்த்தேன், அடி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. கடல் பாதையால் ஓடியிருக்கிறான், ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை. அவன் ஏறி எஞ்சினை எடுக்க நான் பொத்தானை அமர்த்தினேன். அவன் உள்ளே இருந்து கதவோடு மல்லுக்கட்டினான். நான் தற்செயலாக வந்தவன் போலப் போய், பொனெற்றில் கை வைத்து, காற்சட்டைப் பைக்குள் மற்றப் பொத்தானை அமர்த்தினேன். கதவு திறந்தது.

"தெய்வம் போல வந்தனீங்கள் அண்ணை," என்றான்.

அன்று காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, என்ன பிழை என்று பார்ப்பதாகச் சொல்லி, அடியைக் கழுவினேன். ஓட்டியும் பார்த்தேன். கதிரை முதுகைத் தள்ளியது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனால் கார் நிற்கும். சுலக்சன் பூட்டிய கதவுக்குள் இருந்து எனக்குப் போன் எடுப்பான். நான் பக்கத்தில்தான் நிற்பேன், என்றாலும் கொஞ்சம் பொறுத்துப் போவேன். ஒருநாள் அவனுடைய மனைவி நிலுஷாவும் உள்ளே இருந்தாள். கதவைத் திறந்ததும் இறங்கி, என்னையே பார்த்தாள்.

"கராஜுக்காரர் வந்தால் இந்தக் காரிலை ஒரு பிழையும் இல்லை எண்டுறாங்கள். உங்களைக் காணுற இடத்திலைதான் இது நிக்குது. நீங்கள் தொட்டவுடனை ஓடுது. அது என்ன மாயம் அண்ணை?"

"கைராசி தங்கச்சி," என்றேன். சுலக்சன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பெட்டை கெட்டிக்காரி. உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு அவள்மேல் மனவருத்தம் இல்லை.

கடைசி முறை சுலக்சனே போன் எடுத்தான். "அண்ணை, காரைக் குடுக்கப்போறன். எனக்கு மனமில்லைத்தான். நிலுஷா இனி ஏறமாட்டன் எண்டு நிக்கிறா. கொழும்பு ஆள் ஒருத்தர் நயினாதீவு அம்மனைக் கும்பிட வாறார். குறிகட்டுவான் துறையிலை காரைப் பாத்திட்டு அப்பிடியே எடுத்துக்கொண்டு போவாராம். நீங்களும் வாங்கோ. நீங்கள் செய்த வேலையளை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஏலாது."

கொழும்புக்குப் போனால் திரும்பி வராது. ஆறு வருடம் என் வீட்டுக் குடிதண்ணீரைக் குடித்த கார். "ஓம், வாறன்" என்றேன்.

என் திட்டம் இதுதான். நடுவழியில் நின்றுபோகிற காரை எவனும் வாங்கமாட்டான். பாதையில் வைத்து நிறுத்தினால் படகுத்துறைக்கு நேரத்துக்குப் போக முடியாது, வந்தவர் போய்விடுவார். சுலக்சனும் அலுத்துப்போய் காரை என்னிடமே விட்டுவிடுவான். இதில் யாருக்கும் நட்டம் இல்லை என்று நீங்களே காண்பீர்கள்.

பாதையின் எங்கள் பக்கத்து முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றேன். உச்சி வெயில். சத்தம் முதலில் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எங்கே நின்றாலும் மட்டுக்கட்டுவேன். மூன்றாம் கியர், டர்போ பிடித்துவிட்டது. கடைசியாக ஒருதரம் மிதித்துப் பார்க்கிறான், பாவம். அவ்வளவு வேகத்தில் வருவான் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நானும் அந்த இடத்தில் அப்படித்தான் மிதிப்பேன்.

அமர்த்தினேன். எஞ்சின் நின்றால் ஸ்ரியரிங் இறுகிவிடும், பிரேக்கும் மரக்கட்டை போலாகும். கார் கரையோரக் கல்லில் ஏறி, சத்தமில்லாமல் கடலுக்குள் இறங்கியது.

அந்த இடத்தில் கடல் ஆழமில்லை. எனக்கு இடுப்பளவு. ஆனால் கரையோடு மண் அள்ளிய ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. கார் மூக்கை அதற்குள் குத்திக்கொண்டு நின்றது. நான் இறங்கிப் போனேன். றிமோட் நனையக்கூடாது என்று கையை உயர்த்திப் பிடித்திருந்தேன். பின்னால் பஸ்ஸில் வந்தவர்கள் உதவிக்குக் கை காட்டினேன் என்று சொல்லியிருப்பார்கள். நல்ல மனிதர்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

சுலக்சன் உள்ளே பெல்ற்றோடு இருந்தான். நெற்றியில் கொஞ்சம் இரத்தம், வேறொன்றுமில்லை. என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. சிரித்தான், ஐயா. கதவைக் காட்டினான். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, நான் பொனெற்றில் கை வைப்பதற்காகக் காத்திருந்தான். ஒவ்வொரு முறையும் அப்படித்தானே நடந்தது.

பெருவிரல் பொத்தானில் இருந்தது. நான் யோசித்தேன். வெளியே தண்ணீர் கண்ணாடியின் பாதிவரை நின்றது. உள்ளே கதிரை அளவுதான். கதவு ரப்பர் எல்லாம் நானே மாற்றியவை, நன்றாகத் தாங்கின. திறந்தால் கடல் முழுக்க ஒரே அடியில் உள்ளே போகும். உப்புத் தண்ணீர் வயர்களுக்குள் போனால் அந்தக் கார் செத்தது. யாராவது வந்து கயிறு கட்டிப் பின்னால் இழுத்தால் இரண்டையும் காப்பாற்றலாம். அப்படித்தான் கணக்குப் பார்த்தேன்.

தண்ணீர் முன்பக்கத்தால் வரும் என்பதை நான் மறந்துவிட்டேன். அல்லது மறக்கவில்லை. அது அவனுடைய மடிக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. பெல்ற்றை அவிழ்க்க அவன் பட்ட பாட்டைப் பார்த்தேன். எனக்கே அது பழகக் கொஞ்ச நாள் எடுத்தது. அப்போதுதான் அவன் என் உயர்ந்த கையைப் பார்த்தான். கையில் இருந்ததைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். திரும்பத் தட்டவில்லை. தட்டியிருந்தால் திறந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பஸ்காரர் கல்லால் பின் கண்ணாடியை உடைக்கப் பார்த்தார்கள். நல்ல தாள், கெதியில் விடவில்லை. விட்டபோது தண்ணீர் அவன் தலைக்கு மேலால் நின்றது.

ஆகவே, கதவைத் திறக்க என்னால் முடிந்தது, நான் திறக்கவில்லை. அதை அப்படியே எழுதுங்கள். கையெழுத்து வைக்கிறேன்.

ஒரேயொரு வேண்டுதல். காரை ஸ்டேசன் பின்வளவில் வெயிலில் விட்டிருக்கிறீர்கள். உப்பு காய்ந்துகொண்டிருக்கும். கதவுப் பிணைச்சலில் தொடங்கி அடி முழுக்க நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். உங்கள் கிணற்றுத் தண்ணீர் சரிவராது. காலையில் சாப்பாடு கொண்டுவந்த கோசலாவிடம், வீட்டிலிருந்து இரண்டு கான் நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கம்பிக்குள் இருந்து கூப்பிட்டேன். பல தரம் கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.