நான்காவது கோப்பு

எனக்கு பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது ஐயா. கோப்புகளுக்குப் பொருத்தமாகப் பெயர் வைப்பது ஒன்றுதான் பழக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணை அறிக்கையில் கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு மரக்காணத்தில் ஒரு நிவாரண அமைப்பில் வரைபட வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஊரில் எத்தனை வீடு என்று வரைந்து, புது வீடு கட்டித் தருகிறவர்களின் சென்னை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நாம் வரைபடம் என்று சொல்வது கம்ப்யூட்டருக்குள் ஒன்றல்ல, ஒரே பெயருள்ள நான்கு கோப்புகள். ஒன்றில் புள்ளிகள், ஒன்றில் அவற்றின் வரிசை, ஒன்றில் வீட்டுக்காரர் பெயர். நான்காவது மிகச் சின்னது. புள்ளிகள் எந்த அளவீட்டு முறையில் எடுக்கப்பட்டவை என்று அது சொல்லும். அது இல்லாவிட்டாலும் படம் திறக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. பழைய சர்வே படத்தின் மேல் வைக்கும்போது எல்லாம் மேற்கே நூற்றெண்பது மீட்டர் தள்ளி உட்காரும், அவ்வளவுதான்.

அமுதவல்லி அளத்துமேடு கிராமத்துப் பெண். அப்பா கன்னியப்பன் உப்பளக் கூலி. பிளஸ் டூ படித்தவள் என்பதால் ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்துப் புள்ளி எடுக்க அனுப்பினோம். நன்றாகவே எடுத்தாள். ஒரு நாள் சென்னையிலிருந்து வந்தவர்கள் முன்னால் என் படத்தைப் பார்த்து, "சார், எங்க ஊரு ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்குது. நீங்க அந்தப் பக்கம் போட்டுட்டீங்க" என்றாள். சரிதான், போட்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் அவள் ஊரின் முப்பத்தொரு வீடுகளை அனுப்பும் முறை வந்தது. மூன்று கோப்புகளை இணைத்தேன். நான்காவதை இணைக்கவில்லை. அழிக்கவும் இல்லை, அழிப்பது வஞ்சகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இத்தனூண்டு கோப்பை மறைக்கச் சோறே வேண்டாம்.

சென்னையில் திறந்தபோது முப்பத்தொரு வீடும் உப்புப் பாத்திகளின் நடுவே நின்றன. தண்ணீரில் எவன் குடியிருப்பான்? பொய்ப் பட்டியல் என்று அடித்துவிட்டு, வீடுகளை வேறு ஊருக்குக் கொடுத்தார்கள். அமுதவல்லியை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை நான்தான் டைப் செய்தேன், ஒரு பிழையில்லாமல்.

அவளுக்குக் கொஞ்சம் தலைக்குனிவு வரட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து நான்காவதையும் அனுப்பிவிடுவதாக இருந்தேன். ஆனால், முதலில் ஏன் அனுப்பவில்லை என்று கேட்பார்களே. கௌரவமான பதில் ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே மழைக்காலம் வந்துவிட்டது.

ஊர்க்காரர்கள் கழுவெளி ஏரி ஓரத்துத் தார் ஷீட் கொட்டகைகளிலேயே கிடந்தார்கள். 2005 கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறிக் கரை உடைந்தது. ஆறு பேர் போனார்கள். கன்னியப்பன் அதில் ஒருவர்.

காரியம் முடிந்து இரண்டு நாளில் அமுதவல்லி அலுவலகத்துக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவள் உட்காரவே இல்லை.

"நான் எடுத்த புள்ளி தப்பாப் போயிடுச்சு இல்ல சார்? எங்கப்பாவ நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதாள்.

"புதுசா எடுக்கறவங்களுக்கு இப்படி ஆகறதுதாம்மா. மனசுல வெச்சிக்காத" என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன். போகும்போது கைகூப்பிவிட்டுப் போனாள்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான் ஐயா. அந்த நான்காவது கோப்பு என்ன செய்யும் என்று இந்தக் கடற்கரையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. அமுதவல்லி இன்றைக்கும் தன் தவறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள், யாரும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். அவள் அழுததைப் பார்த்த அன்றே நான் அவளை மனதார மன்னித்துவிட்டேன்.