வாய் திறக்காத வகுப்பு

எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் நன்றாக இருக்கும். அது உங்களுக்கே தெரியும், கமலநாதன் சார். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து நீங்கள் அன்று வந்தபோது இரண்டு சாப்பிட்டீர்கள், மூன்றாவதைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். விசாரிக்க வந்தவரிடம் இதைச் சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் இந்தத் தமிழ்ப்பள்ளிக்குத் தவமணிதேவி டீச்சர் இல்லாமல் கணிதம் இல்லை என்று வெகுநாளாகச் சொல்வார்கள். நானாகச் சொல்லிக்கொண்டதில்லை. கணித ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்த பணித்தியத்துக்குத் தலைவி நான். ஆசிரியர்களின் கற்றல் குழுவை நடத்துவதும் நான்தான். ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததைக் கூடிப் பேசிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலிடம் சொன்னபோது மற்றப் பள்ளிகளில் முணுமுணுத்தார்கள். இங்கே யாரும் முணுமுணுக்கவில்லை. புதன்கிழமை மதியம் கூடுவோம். பதாகை கட்டுவோம். படம் எடுப்போம், படம் இல்லாத கூட்டம் நடக்காத கூட்டம் என்பது நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே. பிறகு ஒருவர் பாடத்தை மற்றவர் பாராட்டுவோம். மதிவாணன் சார் கடைசி நாற்காலியில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். அவரையும் பாராட்டியிருக்கிறோம். யார் மனமும் நோகாமல் இப்படி ஒரு குழுவை நடத்துவது எளிதில்லை.

ஷர்மினி இந்தக் குழுவுக்குப் புதிதாக வந்தாள். ஸ்கூடாய் ஊர்ப் பெண். முதல் வேலை. என் மூன்றாம் ஆண்டு வகுப்பைப் பார்த்து வரும்படி நான்தான் அனுப்பினேன், கற்றுக்கொள்ளட்டும் என்று. அன்று பின்னம். பிள்ளைகள் அருமையாகப் பதில் சொன்னார்கள். புதன்கிழமை அவள் முறை வந்தது. பாராட்டுவாள் என்று எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தோம்.

“பிள்ளைங்க ஒரே குரல்ல பதில் சொன்னாங்க டீச்சர், கேக்க நல்லா இருந்துச்சு,” என்றாள். “ஆனா பின்னால நாலு பேர் வாய மட்டும் அசைச்சாங்க. சத்தம் வரல. அவங்களுக்குப் பின்னம் புரியல போல. நாம சேர்ந்து வேற மாதிரி செஞ்சு பாக்கலாமா?”

மதிவாணன் சார் விழித்துக்கொண்டார்.

“நல்ல கருத்தும்மா, ரொம்ப நன்றி,” என்றேன் நான். அப்போது எடுத்த படம் ஆசிரியர் அறையில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பவள் நான்தான். நீங்கள் பார்க்கலாம்.

தலைமையாசிரியர் அந்தோனிப்பிள்ளை சார் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் வரும் தொல்லையை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், நீங்களே நல்ல கருத்துன்னு சொன்னீங்க. மூணாம் ஆண்டு கணிதத்தக் கொஞ்ச நாள் ஷர்மினிகிட்ட குடுத்துப் பாக்கலாம் லா,” என்றார். அந்தக் ‘கொஞ்ச நாள்’ எப்போது முடியும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒத்துழைத்தேன்.

அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். என்ன சத்தம் என்கிறீர்கள். சந்தையிலிருந்து அப்பம் பாலிக் வாங்கி வருவாள். கடலை வைத்து மடித்த அந்த அப்பத்தை வெட்டி, அரை எது, கால் எது என்று சண்டை போட விடுவாள். சண்டையில் ஜெயித்தவர்களுக்கு அப்பம். வாயை மட்டும் அசைத்த நால்வரில் லோஷினி என்ற பிள்ளை ஒன்று. என்னிடம் படித்த காலத்தில் அதன் குரலை நான் கேட்டதில்லை. இப்போது தடுப்பைத் தாண்டி அதன் குரல்தான் முதலில் கேட்கும். ஒருநாள் நடைபாதையில் என்னையே நிறுத்தி, “டீச்சர், பின்னத்துல கீழ இருக்கிற நம்பர ஏன் கூட்டக் கூடாது?” என்று கேட்டது. இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கூட்டக் கூடாது என்பதால் கூட்டக் கூடாது என்றேன். “ஷர்மினி டீச்சர் காட்டுவாங்க,” என்று ஓடிவிட்டது. ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னது.

பிறகு திறந்த வகுப்பு வந்தது. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் பார்ப்பார்கள், நீங்கள் குறிப்பெடுப்பீர்கள். எப்போதும் என் வகுப்புத்தான். இம்முறை அந்தோனிப்பிள்ளை சார் ஷர்மினியின் பெயரைக் கொடுத்தார். நான் வருத்தப்படவில்லை. அவள் பாடத்திட்டத்தை வாசித்து எழுத்துப்பிழை திருத்தினேன். பதாகையை நானே நின்று கட்டவைத்தேன். அன்று காலையில் காரிலிருந்து அப்பத்தை எடுத்துவர அவள் கீழே போனபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி என்னைத்தான் கேட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

நான் பிள்ளைகளிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

“பின்னால உக்காரப் போறவங்க ஷர்மினி டீச்சரப் பாக்க வர்றாங்க,” என்றேன். “நல்லா படிச்சுக் குடுக்கிறாங்கன்னு தெரிஞ்சா வேற ஸ்கூலுக்குக் கொண்டு போயிருவாங்க. நீங்க ஒருத்தர் பதில் சொன்னாலும் போதும், டீச்சர் போயிருவாங்க. டீச்சர் உங்களுக்கு வேணுமா?”

“வேணும்,” என்றார்கள். ஒருவர்கூட வாயை மட்டும் அசைக்கவில்லை.

“அப்போ வாய் தொறக்கக் கூடாது. டீச்சர் கெஞ்சினாலும் தொறக்கக் கூடாது. இத டீச்சர்கிட்டயும் சொல்லக் கூடாது.”

இதில் பொய் என்று எதைச் சொல்வீர்கள்? நல்ல ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றுவது உங்கள் அலுவலகத்தின் வழக்கம்தானே.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். அரை அப்பத்தையும் கால் அப்பத்தையும் தூக்கிக் காட்டி, “ரெண்டும் சேர்ந்தா எவ்வளவு?” என்றாள். அந்த வகுப்பில் அதற்குக் கூரை பறக்கும். அன்று மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டாள். வேறு கேள்வி கேட்டாள். பெயர் சொல்லிக் கேட்டாள். எழுந்து நின்றார்கள், பேசவில்லை. ஒரு பையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். லோஷினி பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டு, சுட்டதுபோல் கீழே இறக்கியது. “சொல்லும்மா, உனக்குத் தெரியும்தானே,” என்று ஷர்மினி அதன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அது தலையை ஆட்டியது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அதன்பிறகு ஷர்மினி சுவரைப் பார்த்துப் பாடம் நடத்தி முடித்தாள். அப்பம் மேசைமேல் அப்படியே இருந்தது. ‘மாணவர் பங்கேற்பு இல்லை, பிள்ளைகள் ஆசிரியரிடம் அஞ்சுகிறார்கள்’ என்று நீங்கள் எழுதினீர்கள். உங்கள் கையெழுத்து அழகு சார்.

கலந்துரையாடலில் அவளுக்காகப் பரிந்து பேசியவள் நான் ஒருத்திதான். இளவயது, பக்கத்தில் இருந்து வழிகாட்டினால் போதும், அந்தப் பொறுப்பை நானே ஏற்கிறேன் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கும் படம் இருக்கிறது.

ஆசிரியர் அறையில் அவள் என்னிடம் கேட்டாள். “நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?”

“தப்பு ஒண்ணும் இல்லம்மா,” என்றேன். “பிள்ளைங்களுக்கு உன்னப் பிடிக்கல. சில பேருக்கு அப்படித்தான். மனசுல வச்சுக்காத.”

அவள் மனசில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் ஆண்டு என்னிடம் திரும்பி வந்தது. அவள் வேலையை விட்டுவிட்டாள். தம்போயில் கார் உதிரிபாகக் கடையொன்றின் அலுவலகத்தில் இருக்கிறாளாம். மதிவாணன் சார் அங்கே போனபோது பார்த்திருக்கிறார். திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். “பிள்ளைங்க என்னைய ஏத்துக்கல சார்,” என்றாளாம். அன்றிலிருந்து மதிவாணன் சார் கூட்டத்தில் தூங்குவதில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தூங்கியபோது இன்னும் நல்ல மனிதராக இருந்தார்.

லோஷினி பள்ளியில் இப்போது பேசுவதே இல்லை. என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் இல்லை. கழிவறைக்குப் போகவும் கேட்பதில்லை, அதனால் இரண்டொரு முறை இருக்கையிலேயே நனைத்துக்கொண்டது. தாயார் பிரேமளா தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளையை மடியில் வைத்து நாள் முழுக்கக் கேட்டிருக்கிறாள். “நான் கையத் தூக்கிட்டேம்மா. அதனாலதான் டீச்சரக் கொண்டு போயிட்டாங்க,” என்று அழுததாம். பிறகு மற்றப் பிள்ளைகளையும் கேட்டிருக்கிறார்கள். அப்படித்தான் உங்கள் வரை வந்தது.

ஆமாம் சார், நான்தான் சொன்னேன். யாரும் தூண்டவில்லை. ஷர்மினி போக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என் பிள்ளைகளை நான் கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் மிரட்டவில்லை, அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைகள், கண்ணில் நீர் வழிய வழிய, பாடம் முடியும்வரை எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பிரியம் சார் அவர்களுக்கு என் மேல். அந்தப் பெண் அதைப் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை.