தோற்பதற்கு ஒரு எலக்‌ஷன்

வெள்ளிக்கிழமை மாலை, துபாய் சத்வாவில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். கம்பெனி தொப்பி போட்டிருந்தவர் வரிசைக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

“எங்க மாமா பையன் அமெரிக்காவுல என்ன பண்றான் தெரியுமா? வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்குறான். அவன் ஊரு கேசினோவுல ஒரு ஆட்டத்துக்கு அஞ்சு டாலருக்கு மேல பந்தயம் கட்டக்கூடாதாம். அதை நூறாக்கணுமாம்.”

“கேசினோ மொதலாளி கேக்குறானா?”

“மொதலாளி கேட்டாக்கூட பரவால்லயே! ஜனங்களே கேக்குதுவ. வோட்டு போட்டு முடிவு பண்ணுவாங்களாம். காசைச் சீக்கிரமாத் தோக்கணும்னு ஒரு எலக்‌ஷன்! வெக்கங்கெட்ட பயலுவ.”

கூட இருந்தவர் சிரிக்கவில்லை.

“அவனுவ கேக்கவாவது செய்றானுவ. போன வாரம் நம்ம ரூம்ல ஏசி ஓடலன்னு மேனேஜர்ட்ட சொல்லப் போவோம், எல்லாரும் வாங்கடான்னு கூப்ட்டேன். ஆபீஸ் வாசல்ல போயி திரும்பிப் பாத்தா, ஏழு பேர்ல ஒருத்தனும் இல்ல. நீ எங்க போன?”

தொப்பிக்காரர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“பாத்ரூம்ல இருந்தேன்.”

“ஏழு பேருமா?”