எலும்பு முத்தட்டும்

இல்ல டீச்சர், சண்டை போட வரலை. சண்டைன்னா வாசல்லயே ஆரம்பிச்சிருப்பேன், இப்படிச் செருப்பைக் கழட்டி வச்சுட்டு உங்க டான்ஸ் கிளாஸ் கண்ணாடிக்கு முன்னாடி வந்து நிப்பேனா?

போன வருஷம் என்ன சொன்னீங்க? பாலே டான்ஸ்ல நுனிவிரல்ல நின்னு ஆடுறாங்களே, அந்தப் பாயின்ட் ஷூ, அதை உங்க பொண்ணுக்கு இப்போ நினைச்சே பாக்காதீங்க, கணுக்கால்ல பலமே இல்லைன்னீங்க. வயசு பன்னெண்டாவது தாண்டட்டும், எலும்பு முத்தட்டும்னீங்க. பிள்ளைக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! நேரா அந்த ஷூ விக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரரு உங்களுக்கு மேல. டீச்சர் சரின்னு சொல்லாம காலுக்கு அளவே எடுக்க மாட்டாராம். என்னமோ நான் துப்பாக்கி வாங்கப் போன மாதிரி ஒரு பார்வை வேற.

சரி போன்னு வீட்ல ஆரம்பிச்சோம். சுவத்தைத் தொட்டுக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னு குதிகாலைத் தூக்கி மெதுவா இறக்குறது, கீழ துண்டை விரிச்சுக் கால்விரலாலயே சுருட்டுறது, எல்லாம்தான். பிள்ளை தனியா பண்ணாதுன்னு நானும் கூட நின்னேன். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. இவ எதுக்குத்தான் ஒத்தக்கால்ல நிக்கலைங்கிறாரு. சோபாவுல இருந்து எந்திரிக்க ரெண்டு கையும் ஊணுற மனுஷன், வாயப் பாருங்க.

ஆங்? அய்ய, முட்டி மடங்கக் கூடாது, பாதம் உள்பக்கம் சாயக் கூடாது, தெரியாதா எனக்கு? நான் வேலை பாக்குற கடையில நாள் பூரா நின்னே பில் போடுறவ. ஆள் வராத நேரமெல்லாம் கல்லாவுக்குப் பின்னாடி குதிகால் தூக்குறதுதான் வேலை. குதிச்சா சத்தம் வரக் கூடாதுன்னீங்கள்ல? மாடி இடியுதுன்னு தினம் கத்துற கீழ்வீட்டம்மா, போன வாரம் ஊருக்குப் போயிருந்தீங்களான்னு கேக்குறாங்க.

அப்புறம், காலை நீட்டிப் பாதத்தையும் விறைப்பா நீட்டினா முழங்காலுக்குக் கீழ இருந்து ஒரே கோடா வரணும்னீங்க. வருது. நம்பலைன்னா ஸ்கேல் கொண்டாந்திருக்கேன், வச்சுப் பாருங்க.

பொண்ணா? அது எங்க வருது? கிளாஸை விட்டு நின்னதுதான் உங்களுக்கே தெரியுமே. திரும்பச் சேத்துக்கங்கன்னு கேக்க வந்தேன்னா நினைச்சீங்க? அட நீங்க ஒண்ணு. போரடிக்குதும்மான்னு அந்தத் துண்டையே தோள்ல போட்டுக்கிட்டு நீச்சலுக்குப் போயிடுச்சு. நல்லா நீந்துது, சந்தோஷமா இருக்கு. நான்தான் அன்னைக்கு வேற துண்டை எடுத்து விரிச்சுட்டு உக்காந்தேன். ஏன்னு கேக்காதீங்க, விட மனசு வரலை. எனக்குன்னு ஒண்ணு பண்ணி எத்தனை காலமாச்சு.

சிரிக்காதீங்க டீச்சர், செருப்பைக் கழட்டிட்டுத்தானே நிக்கிறேன், பாருங்க. முதல்ல கிளாஸ்ல சேரணும்னா சேர்றேன், பிள்ளைங்களுக்குப் பின்னாடி கடைசி வரிசையில நிக்கிறேன். இவ தேறிட்டான்னு நீங்க சொல்ற அன்னைக்கு அந்த ஷூ கடைக்காரருக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

வயசா? பன்னெண்டு தாண்டணும்னுதானே சொன்னீங்க? தாண்டிருச்சு. நாப்பத்தொண்ணு. எலும்பெல்லாம் நல்லாவே முத்திருச்சு டீச்சர்.